900 வருஷப் புத்தகமும் 16 வருஷத் தட்டும்



கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எழுத்து அழியவே அழியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியா? இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1086-ல் முதலாம் வில்லியம் மன்னர், நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று கணக்கெடுத்துத் தோலில் எழுத வைத்தார். அதற்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர் படிக்கலாம்.

அதன் 900-வது ஆண்டான 1986-ல் பி.பி.சி. ஒரு புதிய டூம்ஸ்டே தயாரித்தது. நாட்டை 4 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துப் பள்ளிகளிடம் கொடுத்தார்கள். நம்மை மாதிரிப் பிள்ளைகள்தான் தெருத்தெருவாகப் போய், ஊரில் என்ன கடை, என்ன வேலை, என்ன விளையாட்டு என்றெல்லாம் எழுதினார்கள், போட்டோ எடுத்தார்கள். மொத்தம் பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்களாம்!

எல்லாவற்றையும் 12 அங்குல லேசர் தட்டுகள் இரண்டில் பதித்தார்கள். அதை ஓட்ட பிலிப்ஸ் கம்பெனியின் தனி பிளேயரும், ஏகார்ன் கம்பெனியின் பி.பி.சி. மாஸ்டர் கம்ப்யூட்டரும் வேண்டும். விலையோ யானை விலை! பல பள்ளிகளால் வாங்க முடியவில்லை. எழுதிய பிள்ளைகளே தாங்கள் எழுதியதைப் பார்க்க முடியவில்லை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

கொஞ்ச வருஷத்தில் அந்த பிளேயர்கள் வழக்கொழிந்தன. தட்டு உடையவில்லை, எழுத்தும் அழியவில்லை. படிக்கிற மெஷின்தான் அரிதாகிவிட்டது. 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மீட்டுக் காட்டினார்கள். எப்படித் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள் எழுதினார்கள். எமுலேட்டர் என்பார்கள். 2011-ல் பி.பி.சி. அந்தப் பிள்ளைகளின் பக்கங்களை இணையத்தில் போட்டது. 2018-ல் அந்தத் தளமும் மூடப்பட்டது! நல்லவேளை, அதன் பிரதி அதே தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இதே நோய் நம்ம தமிழுக்கும் உண்டு. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பாமினி எழுத்துருவில் ‘அ’ அடித்தால் உள்ளே பதிவாவது 109. அதே 109 ஆங்கிலத்தில் சின்ன ‘எம்’. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘அம்மா’ போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ தெரியும். யூனிகோடில் ‘அ’வுக்கென்றே தனி எண், 2949. அந்த அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பி.டி.எஃப். ஆக்கினால் போதாதா என்று என் தோழி கேட்டாள். காப்பகங்களுக்கென்றே பி.டி.எஃப்./ஏ என்று ஒன்று 2005-ல் உலகத் தரமாக வந்தது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பது அதன் விதி. கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரியும். ஆனால் பாமினியில் அடித்ததை அப்படியே மாற்றினால், யூனிகோடில் ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது பழைய 109 தானே!

இதனால்தான் நூலகங்களும் காப்பகங்களும் திறந்த மூல மென்பொருளை விரும்புகின்றன. அதன் நிரல் ஒளிவுமறைவு இல்லாமல் வெளியே இருக்கும். தயாரித்தவர் கடையை மூடினாலும் வேறொருவர் எடுத்துச் செப்பனிடலாம். (இலவசம் என்பதால் மட்டும் அல்ல, அது இரண்டாம் பட்சம்.) பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, அப்புறம் அடோபி நிறுத்திவிட்டது. ஆனால் திறந்த மூல லிப்ரே ஆபீஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. வடிவமைப்பு கொஞ்சம் கலையலாம், எழுத்து கைக்கு வரும்.

நம்ம பள்ளி ஆண்டு மலரின் பழைய குறுந்தகடுகள் மூன்று நூலக அலமாரியில் இருக்கின்றன. மூன்றிலும் பேஜ்மேக்கர் கோப்புகள்தான். நம் அண்ணன்மார், அக்காமார் எழுதிய கவிதையும் கட்டுரையும் அதற்குள் இருக்கு. கம்ப்யூட்டர் அறையில் சி.டி. டிரைவ் வேலை செய்கிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது ஓடும்போதே நகல் எடுக்க நூலக ஆசிரியர் அனுமதி தந்துவிட்டார். யூனிகோடுக்கு மாற்றியபின் பிழை பார்க்க ஆள் வேண்டும். தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நூலகத்துக்கு வாங்க.

— 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி