எந்த டிரான்ஸ்பார்மருக்கு முதலில் ஷட்டவுன்?

அன்புள்ள தம்பிக்கு,

பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவுடன் உன் கையில் ஒரு பட்டியல் வரும். அதில் நாற்பது டிரான்ஸ்பார்மர் இருக்கும், ஷட்டவுன் கிடைக்கப்போவது ஆறுக்குத்தான். எந்த ஆறு என்று கேட்டால் பலரும் பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டைப் பார்த்து, பழையதை முதலில் எழுதுவார்கள். பழையது முதலில் கெடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது, உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதத்தின் ஆயுள். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை அப்படிப் புதுப்பிக்க வழியில்லை. புதுக் காகிதத்தில் செல்லுலோஸ் சங்கிலி ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 கண்ணிகள் இருக்கும். அது 200 அளவுக்கு இறங்கிவிட்டால் ஷார்ட் சர்க்யூட்டின் ஓர் உலுக்கலைக்கூடத் தாங்காது. இந்தத் தேய்மானத்தை நடத்துவது வெப்பமும் ஈரமும். சாதாரணக் காகிதத்தில் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் கூடினாலே தேயும் வேகம் இரட்டிப்பாகிறது என்பது சர்வதேசத் தரநிலை கொள்ளும் கணக்கு. எனவே பாதி லோடில் ஓடிய நாற்பது வயதுக்காரன் நலமாக இருக்கலாம். ஓவர்லோடில் வெந்த பதினைந்து வயதுக்காரன் முடிவை நெருங்கியிருக்கலாம்.

உள்ளே நடப்பதை எண்ணெயே சொல்லும். சிறு மின்னிறக்கம் இருந்தால் அதில் ஹைட்ரஜன் கரைந்திருக்கும், எண்ணெய் கடுமையாகச் சூடாகியிருந்தால் எத்திலீன் ஏறும், காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடு கூடும். அசிட்டிலீன் சில பி.பி.எம். தலைகாட்டினாலே அலட்சியம் கூடாது, ஏனெனில் அது பெரும்பாலும் உள்ளே மின்பொறி பறந்ததற்கான தடயம். மாதிரி எடுக்கும்போது கண்ணாடி சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்க விடாதே. ஹைட்ரஜன் அதில் தப்பிவிடும். உள்ளே போகும் காற்றை உலர்த்தும் பிரீதரையும் நின்று பார். காற்று கீழிருந்து நுழைவதால் நீல சிலிக்கா ஜெல் அடியிலிருந்துதான் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மேலிருந்து நிறம் மாறினால், மேலே எங்கோ சீல் விட்டு ஈரக் காற்று குறுக்கு வழியில் போகிறது.

இத்தனை சோதனைகளையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் நன்று, காகிதம் நன்று, டேப் சேஞ்சர் நன்று, மின்கம்பியைத் தொட்டிக்குள் கொண்டுபோகும் ஒரு புஷ்ஷிங் மட்டும் மோசம் என்றால் சராசரி 85 வந்துவிடும்; அந்த டிரான்ஸ்பார்மர் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும். வெடிக்கப்போவது அந்தப் புஷ்ஷிங். மேற்கு லண்டனின் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் 2025 மார்ச் 20 இரவு 275 கே.வி. டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்தது. ஹீத்ரூ விமான நிலையம் மறுநாள் பெரும்பகுதி மூடிக்கிடந்தது, 2,70,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு புஷ்ஷிங்கில் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை அறிக்கை. 2018 ஜூலையிலேயே அதன் எண்ணெய் மாதிரியில் ஈரம் மிகுந்திருந்தது தெரிந்திருக்கிறது. அதற்கேற்ற நடவடிக்கைதான் நடக்கவில்லை. சோதனை தவறவில்லை தம்பி, அதன் முடிவு வேலை வரிசையை அசைக்கவில்லை.

ஓர் எண்ணை நம்பி ஷட்டவுன் கேட்பதா, மாதிரியே தவறாக எடுத்திருந்தால் என்று உன் மேலதிகாரி கேட்கலாம். நல்ல கேள்வி. மறு மாதிரி எடு, பழைய அளவுகளோடு வை. ஒரு நாள் அளவைவிட ஏறும் வேகம் நம்பகமானது. ஆனால் மறு மாதிரி வரும்வரை அந்த டிரான்ஸ்பார்மர் பட்டியலின் தலையிலேயே இருக்கட்டும். ஆளில்லை, நேரமில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் பிரீதர், வெப்பக் கேமரா, தொட்டி எண்ணெய் மாதிரி என்று லைன் ஓடும்போதே செய்யக்கூடியவற்றை முதலில் முடிக்கச் சொல்கிறேன். புஷ்ஷிங்கின் இன்சுலேஷன் நிலையை அளக்கும் டான் டெல்டா போல லைனை நிறுத்தியே ஆகவேண்டிய சோதனைகளுக்கு அந்த ஆறு ஷட்டவுன்களை மிச்சம் வை. இரண்டில் ஒரே அளவு பழுது தெரிந்தால், மாற்று டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் தருவது முன்னே வரட்டும்.

அடுத்த லேப் ரிப்போர்ட் வந்ததும் ஃபைலில் சேர்ப்பதற்கு முன் பட்டியலை எடு. வரிசையைத் திருத்து, திருத்திய தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அண்ணன்