கிருமியின் சர்க்கரைப் போர்வை



சர்க்கரை என்றவுடன் நமக்குக் காப்பியும் நீரிழிவும் ஞாபகம் வரும். ஆனால் சில கிருமிகளும் தங்களைச் சுற்றிச் சர்க்கரையைப் போர்த்திக்கொண்டே நம் சரீரத்துக்குள் நுழைகின்றன. அப்போர்வையைப் பற்றி இவ்விதழில் சற்றுப் படிப்போம்.

1. போர்வை எதற்கு?

குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஒரு கிருமி 'ஹிப்' எனப்படுகிறது. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த ஓர் உறை அதைச் சுற்றியிருக்கிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களின் பிடியிலிருந்து அந்த உறை அதைத் தப்புவிக்கிறது. ஆனாலும் ஒளிவதற்குப் போர்த்திய போர்வையே அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமுமாகிறது.

2. நோயைக் கண்டறிதல்

நிமோனியா நோயாளிகளின் சிறுநீரில் கிருமியின் உறைப்பொருள் கரைந்து வருவதை டோஷே, ஏவரி என்பவர்கள் 1917-ல் கண்டார்கள். அது சர்க்கரையே என்பதை 1923-ல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் காட்டினார்கள்.

இதே வழியில், மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கும் குழந்தையின் தண்டுவட நீரைச் சோதிக்கலாம். உறைச்சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளை அந்நீரோடு கலந்தால், சர்க்கரை இருக்கும்போது அவை சில நிமிடங்களில் திரளும். முன்பே கொடுத்த மருந்தினால் கிருமி வளராமற்போனாலும் இச்சோதனை சில வேளை உண்மையைச் சொல்லும். திரளவில்லை என்பதால் மட்டும் நோயில்லை என்று முடிவுகட்டலாகாது.

3. தடுப்பூசி

1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஹிப் தடுப்பூசியில் வெறும் சர்க்கரையே இருந்தது. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை அது காக்கவில்லை. மிகுந்த ஆபத்திலிருந்தவர்களோ அவர்களே! பச்சிளங்குழந்தையின் சரீரம் வெறும் சர்க்கரையை எதிரியென்று நன்றாய் அறிந்துகொள்வதில்லை.

ஆகவே அச்சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தார்கள். புரதத்தைக் கவனிக்கும் சரீரம், அதோடு ஒட்டியுள்ள சர்க்கரையையும் நினைவில் பதித்துக்கொள்கிறது. இவ்வகை ஊசி 1987-ல் அனுமதிக்கப்பட்டது. 1990 முதல் கைக்குழந்தைகளுக்கும் போடப்பட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட சுமார் 20,000 குழந்தைகளைக் கடுமையாய்த் தாக்கிய இந்நோய், பின்பு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

4. நம் பங்கு

நம் நாட்டில் தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் இதை முதலாவது அரசுத் திட்டத்தில் சேர்த்தன. ஐந்து நோய்களுக்கான 'பென்டாவேலன்ட்' ஊசியில் இது அடங்கும். பிறந்து 6, 10, 14 வாரங்களில், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாய்ப் போடுகிறார்கள்.

முதல் ஊசிக்குக் காய்ச்சல் கண்டதென்று அடுத்ததை விட்டுவிடும் தாய்மார் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குத் தப்பிய பிள்ளைகளிலும் சிலர் செவித்திறன் இழக்கிறார்கள். இலேசான காய்ச்சலோ ஓரிரு நாளில் தணிந்துபோகும்.

சிந்திக்க: உங்கள் தெருவில் மூன்று மாதக் குழந்தை உண்டா? அதன் தடுப்பூசி அட்டையை அந்தத் தாயோடு உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பீர்களா?