தப்பு யார் மேல் இருந்தாலும் வரும் பணம்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது களிமண், கிளேஸ், சூளை வெப்பநிலை என்று எழுதத்தான் நினைத்தேன். அதை எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் இன்ஷூரன்ஸ் பேப்பர், கோர்ட் நோட்டீஸ் எது வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

ரோட்டில் அடிபட்டவர் இழப்பீடு கேட்டால் முதலில் எழும் கேள்வி, "தப்பு யார் மேல?" என்பதே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். சாட்சி இல்லாத ரோட்டில் விழுந்தவன் கதி அதோகதிதான். 1982-இல் 92-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தப்பு யாருடையது என்று பார்க்காமலே இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதுவே 140-ஆம் பிரிவாகி, 1994-இல் 50,000, 25,000 என்று உயர்ந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அந்தப் பிரிவு இல்லை. இப்போது இருப்பது 164-ஆம் பிரிவு: இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தான்.

தொகை கூடியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கூடவே மாறிய இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. பழைய 140-ஆம் பிரிவுப் பணம் முன்பணம் மாதிரி. அதை வாங்கிக்கொண்டு, தப்பை நிரூபித்து மீதியையும் கேட்கலாம். இன்று 164-ஆம் பிரிவுப் பணத்தைச் சம்மதித்து வாங்கினால், 166-ஆம் பிரிவில் போட்ட மனு காலாவதி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியவர்கள் காரியம் முடிந்ததும் ராஜினாமா கொடுப்பார்களே, அது போலத்தான்! டீக்கடைப் பெரியவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே, "முதல்ல அத வாங்கிப் போடு, மீதிக்கு அப்புறம் கேஸ் நடத்திக்கலாம்" என்கிறார்கள். நியூசிலாந்தில் 1974 முதல் தப்பு பார்க்காமல் அரசு நிதியிலிருந்தே வைத்தியமும் வாராவாரம் சம்பளத்தில் பெரும்பகுதியும் கொடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு அங்கே காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அங்கே வாராவாரம் வருகிறது, இங்கே ஒரே தடவை.

என் தாய்மாமா பைப் சூளையில் லோடு ஏற்றுபவர், வயது 34. போன வருடம் சைக்கிளில் வந்தவரை வேன் ஒன்று இடித்து வலது கால் முறிந்தது. கை காட்டாமல் திரும்பினார் என்று அவர் மேலும் குறை சொன்னார்கள். இரண்டரை லட்சத்துக்குச் சம்மதம் கேட்டு பேப்பர் வந்தது. "தம்பி, கையில வர்ற காச விட்டுட்டு கோர்ட்டுக்கு நடக்கணுமாப்பா?" என்று அத்தை கேட்டார். தோடு ஏற்கெனவே அடகில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதக் கூலி 15,000. வருடத்துக்கு 1,80,000. சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி 34 வயதுக்குப் பெருக்கெண் 16, ஆக 28,80,000. டாக்டர் சொல்லும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைவதும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. உட்கார்ந்து எழுதுபவருக்குக் கால் வேறு, மூட்டை தூக்குபவருக்குக் கால் வேறு. திறன் 30 சதவீதம் குறைந்தது என்று வைத்தால் 8,64,000. மாமா மேல் பாதித் தப்பு என்றாலும் 4,32,000. 80 சதவீதத் தப்பு என்றால் 1,72,800 ஆகி இரண்டரை லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. வைத்தியச் செலவும் வலிக்கான தொகையும் இதில் சேரவில்லை.

மாமா கையெழுத்துப் போடவில்லை. கேஸ் நடக்கிறது, தோடும் அடகில்தான் இருக்கிறது. முழுத் தப்பும் அடிபட்டவர் மேல் என்றாலோ, வீட்டில் அடுப்பு எரியாத நிலை என்றாலோ, 164 பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குப் பயம்.

விபத்து எந்த ஊரில் நடந்தாலும், நாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். ஆறு மாதத்துக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி நாம் தாமதிக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், வருமானச் சான்று எல்லாம் வேண்டும். மாமாவுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. சனிக்கிழமைக் கூலியை அத்தை ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். வக்கீல் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த நோட்டைத்தான்.