மல்லாங்கிணற்றிலிருந்து இசை எழுதலாம்: மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இசையைப் பற்றி எழுத ஆசைப்படும் மாணவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எங்க ஊர்ல என்ன கச்சேரி நடக்குது, எழுதுறதுக்கு?" என்பதுதான். விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றில் மார்கழி சீசன் கிடையாது. ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் ஒன்று மாற்றி ஒன்று கோயில் பொங்கல் சாட்டுவார்கள். ஏதாவது ஒரு பொட்டலில் தவிலோ ஆர்மோனியமோ கேட்கும். சென்னை சபாக்களைப் பற்றி எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பொட்டலில் விடிய விடியப் பாடுகிறவரைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அதனால் இங்கிருந்தே தொடங்குங்கள்.

நோட்டீஸ் சேருங்கள்

டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியிருக்கும் திருவிழா நாடக நோட்டீஸ்தான் உங்கள் முதல் ஆவணம். ராஜபார்ட் (நாயகன்) யார், ஸ்திரீபார்ட் (நாயகி) யார், பபூன் (கோமாளி) யார், ஆர்மோனியப் பின்பாட்டு யார், எந்த ஊர்க்காரர் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். விழாக் கமிட்டியிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி, தேதி குறித்து நோட்டில் ஒட்டிவையுங்கள். சில வருடங்களில், யார் யாரோடு நடித்தார்கள், யார் பெயர் நோட்டீஸிலிருந்து மறைந்தது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும்.

கட்டையைக் கேட்டுப் பழகுங்கள்

ராகம் தெரியாமல் எப்படி எழுதுவது என்று பயப்பட வேண்டாம். முதலில் சுருதி. மேடைக்காரர்கள் 'கட்டை' என்றுதான் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3 என்று போகும்; இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½ என்று வரும். 3க்கும் 4க்கும் நடுவில் கறுப்பு கிடையாது. கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் 1, 1½ கட்டையில் பாடுகிறார்கள். மைக் வராத காலத்தில், கடைசி வரிசைக்கும் பாட்டு எட்ட வேண்டும் என்பதால் நாடகக்காரர்கள் அதைவிட வெகு உயரத்தில் பாடினார்கள். செல்போனில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலி வைத்துக்கொண்டு, கேட்கும் குரல் எந்தக் கட்டை என்று பிடித்துப் பாருங்கள். "கணீரென்று பாடினார்" என்று எழுதுவதைவிட இன்ன கட்டையில் பாடினார் என்று எழுதினால், கலைஞரே உங்களை மதிப்பார்.

ஒரு 'வள்ளி திருமணம்' முழுக்க உட்காருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்து பயனில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' நம் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. கடைசி பஸ் போய்விடும் என்பதால், திரும்பி வர ஏற்பாட்டையும் வீட்டில் சம்மதத்தையும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி நடக்கும் 'ஸ்பெஷல் நாடக'த்தில் நிலையான குழு கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், ஒத்திகையும் இல்லை. அன்று ராத்திரிதான் வள்ளியும் நாரதரும் ஒரே மேடையில் சந்திப்பார்கள். அப்படியும் நாடகம் குலையாமல் நிற்கிறதென்றால், மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும்தான் காரணம். ஆகவே, மேடையின் நடுவைப் பார்க்காமல் அந்த ஓரத்தைப் பார்த்து உட்காருங்கள். நடிகர் எடுக்கும் சுருதியை ஆர்மோனியக்காரரின் விரல் தேடிப் பிடிக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் முற்றும்போது, அடுத்தது பாட்டா வசனமா என்று அவர் நடிகரின் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார். நடிகருக்கு மூச்சு வாங்கினால் பின்பாட்டை அவரே எடுத்துக்கொள்வார். இந்தத் திறமையை எந்த விமர்சனமும் போதிய அளவு பதிவுசெய்யவில்லை என்பது என் வருத்தம். அந்த ஆர்மோனியத்துக்கே அகில இந்திய வானொலி 1940இல் தடை போட்டது. 1971 வாக்கில்தான் அது தளர்ந்தது. அந்த முப்பது வருடமும் நாடக மேடை அந்தப் பெட்டியை விடவேயில்லை.

நாடக இசையைப் பற்றி எழுதும்போது சாதியை ஒதுக்கிவைக்க முடியாது. சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று தேசியப் பாட்டுப் பாடிச் சிறை சென்றவர்; 1940 டிசம்பர் கடைசியில் சென்னை மேடையில் அதே வேடத்திலேயே உயிர் பிரிந்தது. முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்று அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு. யாரோடு யார் மேடையேற மறுத்தார்கள் என்பதும் இசைச் செய்திதான்.

முன்னோடிகளைப் படியுங்கள்

கல்கி 1930களில் 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். இசை தெரியாத வாசகரையும் கையைப் பிடித்து அரங்குக்குள் கூட்டிப்போன எழுத்து அது. விமர்சகர் சுப்புடு (1917–2007) காரமாக எழுதினார். ஆனால் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். கேட்கத் தெரிந்ததால் வந்த காரம். காரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கரிசல் எழுத்தாளர்களிலேயே கி.ரா. இசைக்கலைஞர் விளாத்திகுளம் சுவாமிகளோடு பழகி இசையறிந்தவர், கு. அழகிரிசாமி அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர்.

கேள்வி கேட்கும் முறை

நாடகம் முடிந்ததும் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கு விடியும்போதுதான் தூக்கம். முதல் நாளே "அண்ணே, நாளைக்கு மத்தியானம் பேசலாமா?" என்று கேட்டுவையுங்கள். "உங்கள் இசைப் பயணம் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பொதுப் பேச்சுதான் வரும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். தவில்காரரிடம் வலது கை விரல்களில் மாட்டும் கூட்டை எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். துணியையும் பசையையும் வைத்துக் காட்டிக்கொண்டே குருவின் கதைக்கு வந்துவிடுவார். நாகஸ்வரக்காரரிடம் சீவாளி எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். கூலியையும் கேளுங்கள், அச்சிடலாமா என்பதையும் சேர்த்து.

மேடையில்லாத பாட்டு

முளைப்பாரிக் கும்மியும் நாற்று நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நோட்டீஸில் வராது. கொல்லங்குடி கருப்பாயி இப்படிப்பட்ட பாட்டிலிருந்து வானொலிக்குப் போய், 1985இல் 'ஆண்பாவம்' படத்திலும் நடித்தவர். கும்மிக்கு அம்மாக்களையும் அப்பத்தாக்களையும் கேட்டுப் பதிவுசெய்யலாம். இழவு வீட்டில் செல்போனை நீட்டாதீர்கள். பல மாதம் கழித்து, பாடியவர் மனம் ஒப்பினால் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தேவாரமும் மேடையில்லாத பாட்டுதான்; திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். சுந்தரர் அத்தலத்தைப் பாடிய பதிகத்தின் பண் நட்டபாடை. கம்பீரநாட்டையில் இன்று அதைப் பாடுகிறார்கள். ராகம் கற்க அது நல்ல வாசல்.

எழுதுவதும் அனுப்புவதும்

அன்றைக்கே எழுதிவிடுங்கள். முதல் பத்தியில் உங்கள் காதில் விழுந்த ஒன்று இருக்கட்டும். விழாவின் பெருமை பிறகு வரலாம். கலைஞர் பேசியதை அவர் பேச்சிலேயே விடுங்கள். மல்லாங்கிணற்றில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியன் 'எஞ்சோட்டுப் பெண்' என்றே தன் கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பு வைத்தார். ஊர்ப்பேச்சு அச்சில் நிற்கும். பெயர்களை நோட்டீஸோடு ஒப்பிட்டு, பிறகு கலைஞரிடமே தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கல்லூரி மலர். அடுத்து விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பல்லாண்டுகளாக மாவட்டக் கல்லூரி மாணவர்களை எடுத்துப் பழக்கும் திட்டம் அது. ஒலிப்பதிவை ஊர், தேதி, பாடியவர், கட்டை என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். கட்டுரை அச்சானதும் ஒரு பிரதியை ஆர்மோனியக்காரர் வீட்டுக்கு நேரில் கொண்டுபோங்கள். அடுத்த பொங்கலுக்கு அவர் எந்தெந்த ஊரில் வாசிக்கிறார் என்ற பட்டியலை அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.