கடல்மேடை தாழ்ந்தால் செயற்கைக்கோளுக்குத் தெரியுமா?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியலில் அலை ஒளியியல் நடத்தும்போது, கட்ட வேறுபாட்டையும் பாதை வேறுபாட்டையும் மாணவர்கள் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்டால், நாம் சோப்புக் குமிழியின் நிறங்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே கட்ட வேறுபாட்டைக் கொண்டுதான், ஏறத்தாழ 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள்கள் தரையிலுள்ள கட்டடம் சில மில்லிமீட்டர் நகர்ந்ததைக்கூட அளக்கின்றன. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளையும் இப்படி அளக்க முடியுமா என்ற கேள்வி, வகுப்பறைக்கு நல்ல தீனி.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தையும் அதன் நடுவிலுள்ள நீராழி மண்டபத்தையும் மேலிருந்து ரேடார் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். ரேடார் தன் நுண்ணலையைச் சாய்வாக அனுப்புகிறது. அமைதியான நீர்ப்பரப்பு அதைக் கண்ணாடிபோல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். எனவே படத்தில் குளம் கருப்பாகத் தெரியும். ஆனால் நீரில் பட்டுத் தூணிலும் பட்ட அலை, வந்த வழியே திரும்பும். கேரம் பலகையில் மூலைக்கு அருகே அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் பட்ட காய் நம்மை நோக்கியே திரும்புவதை மாணவர்கள் அறிவார்கள். ஆக, கருப்புக் குளத்தில் மண்டபம் ஒரு வெள்ளைப் புள்ளி. கடலில் எண்ணெய் மேடையும் ரேடாருக்கு அப்படித்தான் தெரிகிறது.

இனி அளவீடு. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. நீண்ட காகிதப் பட்டையில் 5.6 செ.மீ.க்கு ஓர் அலையாக வரையச் செய்து, சுவரைத் தொட்டதும் மடித்துத் திருப்பச் சொல்லுங்கள். சுவருக்குப் பதிலாக வைத்த அட்டையை 7 மி.மீ. பின்னால் நகர்த்தினால் போக 7, வர 7 என்று பாதை 14 மி.மீ. கூடும். அது கால் அலை. அதாவது 90 பாகை கட்ட வேறுபாடு. அட்டையைச் சரியாக 28 மி.மீ. நகர்த்தினால்? முழு அலை கூடிவிடும். எதுவுமே நகராததுபோல் இருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் இரு ரேடார்களில் ஒன்று 24 செ.மீ. அலையைப் பயன்படுத்துகிறது. அதற்கு இந்த மயக்கம் 12 செ.மீ.க்கு ஒருமுறைதான் வரும்.

ஆனால் கட்டம் மாறியதெல்லாம் பொருள் நகர்ந்ததால் அல்ல. காற்றிலுள்ள ஈரப்பதமும் அலையைத் தாமதப்படுத்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைப் பிரித்தறிய அண்டை வீடுகள் உதவுகின்றன. மாடவீதிக் கட்டடங்கள் எல்லாமே ஒரே அளவு விலகியதாகக் காட்டினால், அது பெரும்பாலும் காற்றின் வேலை. மண்டபம் மட்டும் விலகினால், மண்டபத்தைத்தான் கவனிக்க வேண்டும். தியாகராய நகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் இத்தகைய ஒப்பீட்டுப் புள்ளிகளுக்குக் குறைவே இல்லை. பனகல் பூங்காவுக்கும் அடையாறுக்கும் அடியில் மெட்ரோ சுரங்கம் செல்லும் நகரத்தில் நிலம் தாழ்வதைக் கவனிக்க இந்த முறை மிகவும் பொருத்தமானது.

கடலில் அந்த அண்டை வீடுகள் இல்லை. 1974-இல் எண்ணெய் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயல், கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சுற்றிலும் நொடிக்கு நொடி உருமாறும் அலைநீர். 12 நாள் கழித்துத் திரும்பும் செயற்கைக்கோளுக்கு அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. கரையின் காற்றோ வேறு. பாலத்தால் இணைந்த பக்கத்து மேடையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்தால் தெரியும். இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால்?

அப்படியும் நடந்திருக்கிறது. நார்வேயின் எகோஃபிஸ்க் வயலில் 1971 முதல் எண்ணெய் எடுத்தார்கள். அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறை அமுங்க, கடல்தளமே மேடைகளோடு தாழ்ந்தது. 1984-இல்தான் இது கவனத்துக்கு வந்தது. அங்கிருந்த பெரிய சேமிப்புத் தொட்டியின் சுவரில் நீருக்கு மேலே தெரியும் துளை வரிசைகள் குறைந்திருந்தன! குளத்தில் எத்தனை படி தெரிகிறது என்று நாம் எண்ணுவதுபோலத்தான். 1987-இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. புயல் அலை மேல்தளத்தைத் தொடாதிருக்க அந்த இடைவெளி தேவை. அங்கே மனிதர்கள் வேலை செய்து, உண்டு, உறங்குகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ரேடாரை மட்டும் நம்பமுடியாது. மேடையிலேயே ஜி.பி.எஸ். கருவியும் வேண்டும். அது தொலைதூர நிலத்தோடு இணைத்து உயரத்தைச் சொல்லும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஒரு கணக்கு. எஃகு, வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். நீருக்கு மேல் 50 மீட்டர் உயரமுள்ள மேடையில் 10 பாகை கூடினால் 6 மி.மீ. விடியற்காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் அப்படியே ஒப்பிட்டால் நல்ல மேடையும் அசைந்ததாகத் தோன்றும். 1802-இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்த லாம்டனும் தம் எஃகுச் சங்கிலியை வெயில் படாமல் காத்து, வெப்பமானி வைத்தே அளந்தார்.

தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு தேவையில்லை. ஒரு தட்டில் இரண்டு சாக்பீஸ் பெட்டிகளை வையுங்கள். அட்டையில் சிறு துளையிட்டு, அதன் வழியே பெட்டிகள் மட்டும் தெரியுமாறு ஒரு குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றொருவர் தட்டையும் அட்டையையும் சேர்த்து மெதுவாக இறக்கட்டும். பார்க்கும் குழந்தையும் அதோடு குனியட்டும். ஒரு பெட்டியின் அடியில் முன்பே வைத்திருந்த அழிப்பானை இப்போது உருவுங்கள். குழந்தை எந்த மாற்றத்தைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: தட்டு இறங்கியதும் தெரிய வேண்டுமானால், துளை வழியே இன்னும் எதைப் பார்க்க வேண்டும்?