டீ கோப்பை பிடித்த கை

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஸ்டால் வடிவமைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வருகிறவர்கள் எல்லோரும் பொது மேலாளருக்குக் குறையாத பதவிக்காரர்கள். மாநாட்டின் பொருள் தலைமைப் பண்பு. அளவும் வயரிங்கும் விளக்கும் உனக்குத் தெரிந்தவை, அவற்றில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய பக்கத்துக்கே வருகிறேன்.

நடைபாதையை ஒட்டி, கண்ணில் முதலில் படுகிற இடத்தில், 55 அங்குலத் தொடுதிரை வைத்திருக்கிறாய். தொட்டால் முதலில் பெயர், பதவி, நிறுவனம், கைபேசி எண் கேட்கிறது. பிறகு பன்னிரண்டு கேள்விகள். கடைசியில் ‘நீங்கள் சிங்கம்’ அல்லது ‘நீங்கள் கழுகு’ என்று ஒரு படம்.

ஏன் இப்படிச் செய்தாய்? விலாசம் திரட்டித் தரவேண்டும் என்று ஸ்டால் போடச் சொன்ன கம்பெனி கேட்டிருக்கும். அதற்குக் கழுத்து அட்டையை ஸ்கேன் செய்கிற கருவி போதும். ஆள் பார்த்து முடித்துக் கிளம்பும்போது கேள், மனமுவந்து தருவார். நிற்கலாமா போகலாமா என்று கால் தயங்குகிற நொடியில் கைபேசி எண் கேட்டால் போய்விடுவார். அந்தச் சிங்கமும் கழுகும் அதைவிட மோசம். பெரிய பதவியில் இருப்பவரைச் சுற்றியிருப்பவர்கள் தினமும் அதைத்தான் அவரிடம் சொல்கிறார்கள். அதையே திரையும் சொன்னால் அவர் உன் ஸ்டாலில் எதைப் புதிதாகக் கண்டார்?

கணக்கும் உதைக்கிறது. மாநாட்டு ஸ்டாலுக்குப் பொருட்காட்சி மாதிரி நாள் முழுக்கக் கூட்டம் வராது. உள்ளே உரை நடக்கும்வரை நடைபாதை காலியாகக் கிடக்கும். டீ இடைவேளைக்குக் கதவைத் திறந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே கொட்டுவார்கள், பதினைந்து நிமிடத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். உன் பன்னிரண்டு கேள்விக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தால் இடைவேளைக்கு ஐந்து பேர். மற்றவர்களுக்கு நீ காட்டப்போவது அந்த ஐந்து பேரின் முதுகை.

வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு டீ கோப்பை இருக்கும், மறு கையில் பிஸ்கட்டோ கைபேசியோ. உன் வரைபடம் எதிலும் அந்தக் கோப்பையை வைக்க இடமில்லை. மேசை விளிம்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பலகை கொடு. கோப்பையைக் கீழே வைத்தவர்தான் கையை நீட்டுவார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்திருக்கிறேன், உன்னிடமும் சொல்கிறேன்.

இனி நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவரும் விஷயம். நீ ஒரு கருவியைச் செய்யும்போது அதைத் தொடுகிறவரை மட்டும் நினைக்கிறாய். அவருக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பேர்தான் உன் கூட்டம். அவர்களுக்கு என்ன தெரிகிறது? தொடுதிரையில் ஒன்றும் தெரியாது, ஒரு தலையும் இரண்டு தோளும் தவிர.

சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியை உனக்குத் தெரியும். இந்திய அரசு அழைத்து இங்கே வந்து, 1958-இல் நம் சொம்பைப் புகழ்ந்து அறிக்கை எழுதினார்களே, அதன் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்ததே, அவர்கள்தான். அதே 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அறிவியல் அருங்காட்சியகத்தில் ‘மேத்தமேட்டிகா’ என்ற கணிதக் காட்சியை வைத்தார்கள். பணம் ஐபிஎம் கம்பெனியுடையது. அங்கே எட்டுக்கு எட்டுக்கு எட்டு என்று 512 பல்புகள் கோத்த ஒரு கனசதுரம் உண்டு. பெருக்க வேண்டிய எண்களை ஒருவர் அழுத்தினால், விடை எத்தனையோ அத்தனை பல்புகள் எரியும். அழுத்துகிறவர் ஒருவர், சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் பெருக்கல் கண்முன் உருவம் எடுக்கும். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அதை மிஞ்சிய ஒன்றை நான் பார்க்கவில்லை. கம்பெனி தன் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தன் மேல் மதிப்பு வரவைத்தது என்பதையும் கவனி.

நீ மணப்பாறைக்காரன், உனக்கு நான் கலிபோர்னியாவைக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் மாட்டுச் சந்தையில் வியாபாரியும் தரகரும் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீ சிறுவயதிலிருந்து பார்த்திருப்பாய். விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டின் அசைவும் இரண்டு முகங்களும் மட்டும். ஆனாலும் ஒருவரும் நகரமாட்டார்கள். கை என்ன செய்கிறது என்பது முகத்தில் வருகிறது, அதைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள். உன் திரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது.

பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த திருவெறும்பூர்ப் பட்டறைகளில் எங்கள் ஆட்கள் வெட்டு மாதிரிகள் செய்த காலம் ஒன்று இருந்தது. கொதிகலனைப் பாதியாகப் பிளந்தது போலத் தகட்டில் செய்து, குழாய்களுக்கு நிறம் அடித்து, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு லாரியில் ஏற்றுவோம். ஒரு வருடம் அதன் பக்கத்தில் கையால் சுற்றுகிற டைனமோ ஒன்றை வைத்தோம். சுற்றினால் மேலே, ஆள் உயரத்துக்கும் மேலே, வரிசையாகப் பல்புகள் எரியும். வேகமாகச் சுற்றினால் அடுத்த பல்பும் எரியும். கொதிகலனை விட்டுவிட்டு ஜனங்கள் அங்கேதான் மொய்த்தார்கள். பிள்ளை சுற்றுவான், கூட்டம் ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று கத்தும். மூச்சிரைக்க அவன் விலகியதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். மேலே பார்த்துக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள். நான்கு பல்புக்குப் பிறகு கை கடுக்கும், ஒரு விளக்கு எரிய எவ்வளவு உழைப்பு என்று அந்தக் கடுப்பே சொல்லிக்கொடுத்தது. விளக்கப் பலகையை ஒருவரும் படிக்கவில்லை.

அதே டைனமோவைப் பிற்பாடு திருச்சியில் ஒரு ஓட்டலில் நடந்த கம்பெனி மாநாட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். நானும் கூடப் போனேன். ஒருவரும் தொடவில்லை. எம்.டி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அவர் தொடாததால் மேலாளர்கள் தொடவில்லை. தனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பார்த்திருக்க, இரண்டு பல்போடு நின்றுவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அந்த முகங்களில் இருந்தது. அவர்கள் அரங்குக்குள் போனபிறகு டிரைவர்கள் வந்து ஆசைதீரச் சுற்றினார்கள். பெரிய பதவிக்காரர்களுக்காகச் செய்கிற எந்தக் காட்சியிலும் நீ முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் அந்தப் பயம்தான்.

அதை நீ தீர்த்திருக்கிறாய். அதனால்தான் இத்தனை கோபமாக எழுதுகிறேன்.

ஒன்பதாம் பக்கத்தில், பின்மூலையில், பேனருக்கு அடியில் ஒரு பலகை வரைந்திருக்கிறாயே! நான்கு முனையிலும் கைப்பிடி, நடுவில் எஃகுக் குண்டு, வழியெங்கும் துளைகள். நான்கு பேர் சேர்ந்து சாய்த்து, குண்டைத் துளையில் விழாமல் மறுகரைக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பி, அந்த ஒரு பக்கத்துக்காக உன்னைக் கட்டிக்கொள்ளலாம். தோற்றால் நான்கு பேரும் தோற்கிறார்கள், ஒருவர் மேல் பழி விழாது. எம்.டி. தன் முனையை அதிகம் தூக்கினால் எதிரே நிற்கிற இளைய பொறியாளர் ‘சார், கொஞ்சம் இறக்குங்க’ என்று சொல்லியே ஆகவேண்டும். தலைமைப் பண்பைப் பற்றி உள்ளே பேசப்படும் எந்த உரையும் அந்த ஒரு வார்த்தையை அவர் காதில் விழவைக்காது. ஒரு முனையை மட்டும் தாழ்த்தி, சக்கர நாற்காலியில் வருகிறவரின் முழங்கால் உள்ளே போக 70 செ.மீ. இடம் விட்டிருக்கிறாய். யாரும் கேட்காமல் இதை நினைத்தாய் என்றால் உன்னிடம் கலை இருக்கிறது. உன் வயதில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றால் பதினைந்து நிமிடத்தில் அறுபது பேர். அப்படிப்பட்ட பொருளை மூலையில் ஒளித்துவிட்டு, சிங்கப் படத்தை வாசலில் வைத்திருக்கிறாய்.

திரையை வாசலிலிருந்து எடுத்துவிடு. பலகையை நடைபாதை ஓரத்துக்குக் கொண்டுவா, நான்கு பக்கமும் ஆள் நிற்கட்டும். துளைகளுக்கு அடியில் ரெக்ஸின் பை காட்டியிருக்கிறாய், அது சத்தத்தை விழுங்கிவிடும். எவர்சில்வர் தாம்பாளம் வை. குண்டு விழுகிற ஓசையும் நான்கு பேரின் கூச்சலும் கேட்டு, டீ மேசைப் பக்கம் நிற்கிறவர்கள் தலையைத் திருப்புவார்கள். பலகைக்கு மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டு, கம்பெனி விடமாட்டேன் என்கிற அந்த 55 அங்குலத் திரையைப் பின்சுவரில் உயரத்தில் மாட்டு. குண்டு எங்கே ஓடுகிறது என்பதைப் பின்வரிசை அதில் பார்க்கட்டும்.

நடு மூட்டு ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. ஒற்றைப் பந்து மூட்டில் பலகை நிற்கிறது என்று வரைந்திருக்கிறாய். நான்கு பேர் அழுத்துகிற எடைக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காது. நான்கு முனைக்கும் சுருள்வில் கொடுத்து, நடுவில் லாரி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் வருகிற சிலுவை மூட்டைப் போடு. துவாக்குடியில் லேத் வைத்திருக்கிற நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு எடுத்து வா. தெருப்பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு ஆடவிட்டு, எந்தக் கைப்பிடி முதலில் ஆட்டம் காண்கிறது என்று பார்ப்போம். குண்டு 40 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்