வலையமைப்பு வாணிகம்: மெய்யும் பொய்யும் அறியும் முறை

பொருளீட்டல் இல்வாழ்வார்க்கு இன்றியமையாத கடமையாகும். வடமராட்சி மக்கள் கடல் கடந்து வாணிகஞ் செய்தும், தோட்டஞ் செய்தும், உத்தியோகம் பார்த்தும் பொருள் தேடியவர்கள். இக்காலத்தில் இவற்றோடு புதிய வழியொன்றும் நம்மிடையே பேசப்படுகின்றது. உறவினரோ உடன் கற்றவரோ வீடு தேடி வந்து, "நல்ல தொழில் வாய்ப்பு ஒன்று இருக்கின்றது, நீரும் சேர்ந்து இன்னும் சிலரைச் சேர்த்துவிட்டால் மாதந்தோறும் பணம் வரும்" என்பர். வலையமைப்புச் சந்தைப்படுத்தல் என்பது இதன் பெயர். இத்தகைய அழைப்புகள் யாவும் வஞ்சனை எனத் தள்ளுதலும், யாவும் நன்றெனக் கொள்ளுதலும் அறிவுடைமையாகா. அவற்றைத் தேர்ந்து தெளியும் முறையை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தத் தொழிலைப் பற்றியும் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இலாபம் யாருடைய கையிலிருந்து வருகின்றது? பருத்தித்துறை வடையை எடுத்துக்கொள்வோம். அதனைச் சுட்டு விற்பவர்க்கு வரும் ஊதியம் வடையை வாங்கித் தின்பவர் கொடுக்கும் காசு. வாங்கியவர் வடையைப் பெற்றார், விற்றவர் காசைப் பெற்றார், இருவர்க்கும் குறையில்லை. அவரிடம் மொத்தமாக வாங்கிக் கொழும்பில் விற்பவர் தரகு பெற்றாலும் அதுவும் நேர்மையே. ஆனால், வடை விற்கும் உரிமையைப் பணத்துக்குக் கொடுத்து, அப்பணத்தையே ஊதியமாகக் கொண்டு, உரிமை பெற்றவரும் அவ்வுரிமையையே பிறர்க்கு விற்பாராயின், அங்கே வடை தின்பார் ஒருவருமிலர். அது வாணிகமன்று, பின்வந்தவர் பணத்தை முன்வந்தவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு.

"நமது ஊர்ச் சீட்டும் இத்தகையதன்றோ?" என்று சிலர் வினவுவர். அன்று. இருபது பேர் மாதம் 5,000 ரூபா கட்டும் சீட்டில் ஒவ்வொரு மாதமும் சேரும் தொகை ஓர் இலட்சம் ரூபா. ஏலத்திற் கழிக்கப்படும் தொகையும் அவ்விருபதின்மர்க்குள்ளேயே பங்கிடப்படும். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் ஒவ்வொருவரும் ஒரு முறை சீட்டெடுப்பர். அதற்கு இருபத்தோராவது ஆள் வேண்டியதில்லை. ஆட்சேர்ப்புத் திட்டமோ புதியவர் வந்துகொண்டேயிருந்தாலன்றி ஒரு மாதமும் நில்லாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கவேண்டும் என்பது விதியாயின், முதலாம் படியில் 6, இரண்டாம் படியில் 36, மூன்றாம் படியில் 216 பேர் நிற்பர். எட்டாம் படியில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் தொகை ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தாம் படிக்கு ஆறு கோடிக்கு மேற்பட்டோர் வேண்டும். இலங்கை முழுவதிலும் அத்துணை மக்களிலர்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. மூன்றாம் படியிலேயே திட்டம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். தொடங்கியவரோடு சேர்த்து மொத்தம் 259 பேர். அவருள் 216 பேருக்குக் கீழே ஒருவருமிலர். எந்தப் படி நிறைந்து நின்றாலும் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியிலேயே நிற்பர். ஆகவே பெரும்பாலோர் நட்டமடைதல் தற்செயலாய் நேர்வதன்று. அத்திட்டத்தின் அமைப்பே அது. கோபுரம் போல் அடி அகன்று நுனி குறுகியிருத்தலின் இதனைப் பிரமிட் திட்டம் என்பர்.

இதனாலேயே இலங்கைச் சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில், பின்னர்த் திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட 83இ பிரிவு இதனைக் கூறும். பங்குபற்றுவோர் பணமோ பணமதிப்புடைய ஒன்றோ செலுத்தவேண்டியிருந்து, அவர் பெறும் நன்மை பெரும்பாலும் ஆட்டொகை பெருகுவதையோ செலுத்தும் தொகை பெருகுவதையோ சார்ந்திருக்குமாயின், அது தடைசெய்யப்பட்ட திட்டம். அதனைத் தொடங்குவோர் மாத்திரமன்றி ஊக்குவிப்போரும் விளம்பரஞ் செய்வோரும் குற்றவாளிகளாவர். 2023ஆம் ஆண்டில் மத்திய வங்கி இத்தகைய நிறுவனங்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. அப்பட்டியலிற் கண்ட எம்.ரி.எவ்.ஈ. என்னும் கைத்தொலைபேசிச் செயலி, செயற்கை நுண்ணறிவின் துணையால் நாணய வியாபாரஞ் செய்து இலாபம் தருவதாகக் கூறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அது சரிந்தபோது வங்காளதேசத்திலும் நம் நாட்டிலும் பலர் பணமிழந்தனர்.

ஆயின் நேர்மையான நேரடி விற்பனையை எவ்வாறு பிரித்தறிவது? அமெரிக்காவில் 1979இல் அம்வே நிறுவனத்தின் வழக்கை விசாரித்த வர்த்தக ஆணைக்குழு, அது பிரமிட் திட்டமன்று என்று தீர்த்தது. விற்கப்படாத பொருளைத் திரும்ப வாங்கும் விதி, வாங்கிய பொருளில் நூற்றுக்கு எழுபது பங்கையேனும் விற்றிருக்கவேண்டும் என்னும் விதி, மாதந்தோறும் பத்து வாடிக்கையாளர்க்கேனும் விற்கவேண்டும் என்னும் விதி ஆகியவற்றை அது கருத்திற்கொண்டது. எனினும் வருமானத்தை மிகைப்படுத்திக் கூறியமையை அத்தீர்ப்பு கண்டித்தது. இதனின்றும் நாம் கேட்கத்தக்க வினாக்கள் சில பிறக்கின்றன.

முதலாவது, அங்கத்தவரல்லாத ஒருவர் அப்பொருளை அவ்விலைக்கு விரும்பி வாங்குவாரா? பொருள் ஒன்று கையிற் கிடைப்பது மாத்திரம் போதாது. தங்க நாணயம் விற்பதாகக் கூறி ஆட்சேர்த்த கோல்ட்குவெஸ்ட் நிறுவனம் நம் நாட்டிலும் சென்னையிலும் பெருஞ் சர்ச்சைக்குள்ளானதை நினைவிற்கொள்க. இரண்டாவது, சேரும்போது எவ்வளவு கட்டவேண்டும். மாதந்தோறும் கட்டாயக் கொள்வனவு உண்டா? மூன்றாவது, விற்காத பொருளைத் திருப்பிக் கொடுத்தாற் பணம் வருமா. அது எழுத்தில் உண்டா? நான்காவது, சேர்ந்தவருள் எத்தனை பேர் செலுத்தியதிலும் அதிகம் பெற்றனர்? ஒருவர் வாங்கிய மோட்டார் காரின் படம் இதற்கு விடையாகாது. ஐந்தாவது, மத்திய வங்கியின் பட்டியலில் அதன் பெயர் உண்டா? பட்டியலில் இல்லாமை நற்சான்றாகாது என்பதையும் அறிக. கம்பனிப் பதிவுச் சான்றிதழும் அத்தகையதே. கம்பனி ஒன்று உண்டென்பதையே அது காட்டும், அதன் தொழில் நேரியதென்பதை அன்று. "இன்றே சேராவிடில் இடம் போய்விடும்" என்பாராயின், அவ்வவசரத்தையே விடையாகக் கொள்க.

இவ்விடத்து மாணவர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். பிறநாட்டார் நடத்தும் திட்டமாயினும் அது நம்மூருக்குள் நுழைவது நம்மவர் வாய்ச்சொல்லாலேயே. நீவிர் சேர்க்கும் ஆறு பேர் யாவர்? மாமி, சித்தப்பா, அயல்வீட்டு அக்கா, உடன் படிக்கும் தோழன். அவர்கள் கம்பனியின் கணக்கைப் பார்த்துப் பணந் தருவதில்லை. உம் முகத்தைப் பார்த்தே தருகின்றனர். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசையும், அடைவுவைத்த நகையின் பணத்தையும் அந்நம்பிக்கையினாலேயே நீட்டுகின்றனர். கடைசிப் படியில் நிற்கப்போகின்றவர் முன்பின் அறியாத ஒருவரல்லர், அவர்களே. கொடுத்த பணத்தை உழைத்துத் தேடலாம். ஒரு குடும்பத்தில் முறிந்த நம்பிக்கையை அவ்வாறு தேடுதல் எளிதன்று.

ஆதலின், அழைப்பு வந்தால் அழைப்பவரை இகழாது, மேற்கூறிய வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விடை கேட்பீராக. நேரிய வாணிகம் கணக்கைக் காட்ட அஞ்சாது. விடை வராதவிடத்துச் சேராதிருத்தலோடு அமையாது, அழைத்தவரையும் அதனின்று மீட்க முயலுதல் கற்றவர் கடனாகும்.